கரி பூசிய கழுத்து

அண்ணே,

காலையிலிருந்து எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து அந்த வாசம் போகவில்லை. அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்த வாசம். வீட்டில் மற்றவர்களுக்கு அது வெறும் அழுக்கு. எனக்கு மட்டும் நீங்கள் வந்து பக்கத்தில் குந்தியிருப்பது போல இருக்கிறது.

நான் வளைகுடாவை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், லீவுக்கு லீவு வந்து கட்டிய அதே வீடுதான். கட்டியது நான், வாழ்ந்தது அவர்கள். என் மனைவி லில்லி பின்பக்கம் ஐந்தாறு கோழி வளர்க்கிறாள். வேலையற்று உட்கார்ந்திருப்பவனுக்குப் புத்தி எங்கே போகும்? நேற்று சந்தைக்குப் போய் ஒரு சிவப்புப் பெட்டையை வாங்கி வந்து, பெரிய வீரன் போல அவற்றின் நடுவே இறக்கிவிட்டேன். உங்களோடு அத்தனை வருஷம் இருந்தவன் செய்கிற காரியமா இது? தலையில் அடித்துக்கொள்வீர்கள். லில்லியின் கூட்டத்தில் ஒரு கறுப்புக்கோழி வைத்ததுதான் சட்டம். அது பாய்ந்து சிவப்பின் கழுத்தைக் கொத்தியது, மற்றவையும் சேர்ந்துகொண்டன. லில்லி ஓடி வந்து பிரித்துவிட்டாள்.

“கோழி வாங்க ஒங்கள ஆரு சொன்னா? இதுவள ஒண்ணும் தொடாண்டாம். நீங்க சும்ம இருங்க” என்றாள்.

சும்மா இருங்க. வந்த நாள் முதல் இந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட சொல் இதுதான். தண்ணீர் மோட்டார் போடப் போனால் சும்மா இருங்க, மீன் வாங்கப் போனால் சும்மா இருங்க. மகள் ஜெபா போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். நான் உள்ளே நுழைந்தால் குரல் தாழ்ந்துவிடும். காப்பி குடிக்க அவளுக்கு ஒரு டம்ளர், லில்லிக்கு ஒரு டம்ளர். எனக்கு விருந்தாளிகளுக்கு எடுக்கிற பூப்போட்ட கப். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அடுக்களை வாசலில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை, அண்ணே. சில நாள் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெறுமனே நிற்கிறேன். பழைய சூப்பர்வைசர் போன வாரம் கூப்பிட்டார். விசா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல் என்றார். லில்லியிடம் சொல்லவில்லை. மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

வளைகுடாவில் நாம் தங்கியிருந்த கேம்பில் மெஸ்ஸுக்குப் பின்னால் உடைந்த பலகைகளை வைத்து நீங்கள் கோழி வளர்த்தது ஞாபகம் வருகிறது. முட்டை கொடுத்ததால் சூப்பர்வைசர் கண்டும் காணாமல் இருந்தார். புதுக்கோழி வந்தால் நேரே விடமாட்டீர்கள். தக்காளி வருகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து அதை உள்ளே வைத்துவிடுவீர்கள். மற்றவை சுற்றி வந்து பார்க்கும், கொத்தினால் பெட்டியில்தான் படும். பழகிய பிறகு, பொழுது மயங்குகிற நேரத்தில் கூட்டுக்குள் பையச் சேர்த்துவிடுவீர்கள். நான் முதன்முதலாகக் கேம்ப் அறைக்கு வந்தபோதும் ஒருவனும் முகம் கொடுக்கவில்லை. கக்கூஸ் பக்கத்துக் கட்டிலைக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நீங்கள்தான் உங்கள் தட்டை என் பக்கம் நகர்த்தினீர்கள். “ஓரமா இருந்து தின்னு மக்கா. பாத்துப் பாத்துப் பழகட்டும்” என்றீர்கள். அன்று தின்ற சாளை மீன் குழம்புக்கு ஈடாக இன்றுவரை ஒன்றும் தின்றதில்லை.

கொத்து வாங்கிய கோழிக்கு நீங்கள் செய்கிற வைத்தியம்தான் இந்தக் கரியும் எண்ணெயும். “ரத்தம் வெளிய தெரியப்படாது மக்கா. செவப்பு கண்டா இன்னும் கொத்தும்” என்பீர்கள். கோழிக்கு மட்டும் சொன்னீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். இனி வருவதில்லை என்று சொல்லிக் கீரிப்பாறைக்கு, உங்கள் வீட்டுக்குப் போனவர், வருஷம் திரும்புவதற்குள் அதே கட்டிலுக்கு வந்து நின்றீர்கள். ஏன் என்று கேட்டால் சிரித்தீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோதுகூட, “வாயுதான் மக்கா, ஒரு சோடா வாங்கியா” என்றீர்கள். சோடாவோடு நான் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு ஒரு லீவில் எஸ்டேட் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக்கார அக்கா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்கள்: “இங்க வந்து இருந்த நாளெல்லாம் மொகம் வாடித்தான் கெடந்துது. என்ன கொறன்னு கேட்டேன் தம்பி. ஒண்ணுமில்லன்னாரு. பெறவு பெட்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் என்ன செஞ்சேன்னு எனக்கு இன்னும் தெரியாது.” அந்த வீட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இன்று காலை சிவப்புக்கோழியை மடியில் வைத்துக் கழுத்தில் கரி பூசிக்கொண்டிருந்தேன். லில்லி கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“மொகத்துக்கு என்ன? மேலுக்குச் சொகமில்லியா?” என்றாள்.

ஒன்றுமில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அண்ணே. அக்காவின் முகம் குறுக்கே வந்து நின்றது.

“ஏட்டி, எனக்கு இந்த வீட்டுல மூச்சு முட்டுது. திரும்பப் போயிரலாமான்னு இருக்கு. விசா வந்திருக்கு” என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

“எனக்கும்தான் முட்டுது” என்றாள். “இத்தன வருசம் ஒத்தையில கெடந்துட்டு, இப்ப திரும்பின பக்கமெல்லாம் ஒரு ஆளு நிக்குன்னா எனக்கு மட்டும் முட்டாதா? ஒங்கட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம நானும் கெடக்கேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, “கோழியப் பிடிக்கத் தெரியுதா பாரு, அத இங்க தாங்க” என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிடித்துக்கொள்ள நான் பூசி முடித்தேன்.

முற்றத்தின் நடுவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துச் சிவப்பை உள்ளே விட்டாள். அதன் விளிம்பை ஒட்டி உள்ளும் புறமுமாக அரிசியை இறைத்தாள். நீங்கள் சொல்லிக்கொடுத்தது போலவே செய்தாள். அவளுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. கறுப்பு வந்து ஒரு தடவை மூங்கிலைக் கொத்திவிட்டு அரிசி பொறுக்கத் தொடங்கியது. நான் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு வரவில்லை என்றேன். சொன்ன பிறகும் நெஞ்சு லேசாகிவிடவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. இதே நாற்காலி, இதே பூப்போட்ட கப்.

நீங்கள் சொன்ன எதையும் நான் இதுவரை மறுத்துப் பேசியதில்லை. இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கோழிக்குக் கரி பூசியது சரிதான், அண்ணே. உங்கள் புண்ணுக்கும் அதையே பூசியிருக்கக் கூடாது. கீரிப்பாறை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்காவும் ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

கையில் வாசம் இருக்கிறது. சிவப்பின் புண் ஆறவில்லை, நாளைக்கும் பூச வேண்டும். பஞ்சாரத்தை இன்னும் எடுக்கவில்லை.