தட்டினால் நிற்காத சம்மட்டி

அன்புக் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, என் வலது தோள் மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா, அதையும் எழுது.

நீ அனுப்பிய மிஷின் சம்மட்டி வந்து இறங்கிவிட்டது. பட்டறை வாசலில் நுழையாமல் கதவையே கழற்றி, தெருவில் போனவர்களையெல்லாம் ஒரு கை பிடிக்கச் சொல்லி ஒருவழியாக உள்ளே தள்ளினோம். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் இரும்புத் தலை டம் டம் என்று இறங்கி அடிக்கிறது, காலை எடுத்தால் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தை. இனிமே சம்மட்டியைத் தொட்டீங்கன்னா தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் சொன்னதைக் கேட்டுப் பதறிப்போய் அனுப்பினாய், உன் மனசு எனக்குத் தெரியாதா. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கல்யாணம் ஆனதிலிருந்து அப்பா இரும்பைப் பிடிக்க, சம்மட்டி போட்டவள் நான். அந்த மிஷின் அடிக்கிற சத்தத்தைச் சமையலறையில் நின்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த இரும்புச் சனியன்மேல் அப்படி ஒரு பொறாமை!

அப்பா பாடு அதைவிடத் திண்டாட்டம். வேலை செய்யும்போது அவர் வாயே திறக்கமாட்டார், உனக்குத்தான் தெரியுமே. எங்கே அடிக்கணுமோ அங்கே கைச்சுத்தியலால் ஒரு தொடு தொடுவார், போதும் என்றால் பட்டறைக் கல்லின் ஓரத்தில் டிங் என்று தட்டுவார், நான் நிறுத்திவிடுவேன். அந்தப் பழக்கத்தில் மிஷினையும் தட்டி நிறுத்தப் பார்த்திருக்கிறார். கால் பெடலின்மேல், கை மிஷினின் விலாவில் டிங் டிங் என்று. அது நிற்குமா? கூராக்கித் தரச் சொல்லி வந்திருந்த கடப்பாரையின் முனை நசுங்கிக் கரண்டியாகிவிட்டது. கடப்பாரைக்குச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, இதை வெச்சுத் தோண்டுறதா இல்ல பரிமாறுறதா என்று கேட்டாராம். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சொன்ன பேச்சு கேக்காத ஜடம் எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பு, நான் தனியாவே அடிச்சுக்கிறேன் என்று ஒரே கத்தல். இந்த வயசில் ஒரு கையில் இடுக்கி, ஒரு கையில் சம்மட்டியா? என் தோள் போனது போதாதென்று அவர் தோளும் போனால் பட்டறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

நேராகப் போய் முக்காலியை மிஷின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்க காலை எடுங்க, பெடல் என்னோடது என்றேன். முறைத்தார். முறைத்துக்கொண்டே சிவந்த இரும்பைக் கொண்டுவந்து வைத்து, கைச்சுத்தியலால் தொட்டுக் காட்டினார், நான் மிதித்தேன். டிங் என்று தட்டினார், என் கால் தானாக எழும்பிவிட்டது. இப்பத்தான் இதுக்குக் காது கேக்குது என்று சொல்லிவிட்டு உலைப்பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை மனுஷனுக்கு. கரண்டியை மறுபடி கடப்பாரையாக்கிக் கொடுத்தும் விட்டோம். நான் உட்கார வேண்டும் என்றுதானே நீ அனுப்பினாய், உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நிறைவாக வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என் கால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் தைலம் அனுப்பு, போதும். அதற்கும் ஒரு மிஷின் அனுப்பிவிடாதே, உன் அப்பா தட்டினால் நிற்கிற கால் இந்த ஒன்றுதான்.

இப்படிக்கு,
பட்டறை முக்காலியிலிருந்து
உன் அம்மா