அடைத்த வாய்க்கு முன்னால்

மச்சான்,

சட்டையைக் கழற்றும்போது கருகிய நைலோன் நாற்றம் மூக்கில் அடித்தது. உடனே உன்னைத்தான் திட்டினேன். செத்தவனைத் திட்டக் கூடாதாம். போடா.

கேரம் டவுன்ஸ் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே எந்திரத்தில் நின்றோம். இரண்டு பிளாஸ்டிக்கை உருக்கி, காபன் நானோத் துகளைச் சேர்த்து, மின்சாரமும் கடத்துகிற, விழுந்தாலும் உடையாத பொருளைப் பிதுக்கி எடுக்கிற வேலை. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். "அன்பாய்ச் சொன்னாக் கேக்காது, பிச்செறியவேணும்" என்று எந்திரத்துக்குள் சுழலும் திருகுகளின் வேகத்தை ஏற்றுவாய். வேலை முடிந்து கோயிலுக்குப் போனால், சோறு போடுகிற அன்ரி உன் கறுத்த கையைப் பார்த்து, "தம்பி, கையைக் கழுவிப்போட்டு வாரும்" என்பார்.

"கழுவினதுதான் அன்ரி. இது நானோ, தோலுக்குள்ள குடிவந்திட்டுது."

அன்று சூப்பர்வைசருக்கு அவசரம். நைலோனை உலர்த்தாமலே கொட்டச் சொன்னான். நீ மறுத்தாய், அவனே கொட்டினான். ஈரம் உள்ளே ஆவியானது, கட்டிகள் குழம்பு வெளியே வரும் எந்திரத்தின் வாயை அடைத்தன, அழுத்தம் எகிறியது. நான் நிறுத்தும் பொத்தானை அடித்தேன். திருகு நின்றது, அழுத்தம் இறங்கவில்லை. அடைத்த வாய்க்கு முன்னால் நிற்காதே என்பது நம் தொழிலின் முதல் பாடம். அந்த விசரன் சூப்பர்வைசர் குனிந்து உள்ளே பார்த்தான்.

"டேய், விலத்தடா!" என்று தமிழிலேயே கத்தினாய். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது. கழுத்துப்பட்டியைப் பிடித்திழுத்து, நெஞ்சில் குத்தி விழுத்தினாய். எந்திரத்தின் வாய் வெடித்தது. அவனுக்கு வந்த கொதிகுழம்பு உன் முகத்தில் அப்பியது. பிறகு ஆஸ்பத்திரி, கட்டுகள், நீ இல்லை.

அந்த நேரம் தரையில் கிடந்தபடி அவன், "எனக்கு அடிச்சிட்டான், இவனை வெளியில அனுப்புங்கோ" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தான். உன்னைத் திரும்பிப் பார்க்கும்வரை கத்தினான்.

பார்த்த பிறகும் திருந்தவில்லை. விசாரணையில் "தாக்கினான்", "தாக்கினான்" என்றே சொன்னான். பின்வரிசையில் உன் அம்மா. நீ ரவுடியாகவே முடிந்துவிடுவாய் போலிருந்தது. எழுந்தேன். அவனைப் பார்த்து ஆங்கிலத்தில்தான் சொன்னேன், உனக்குத் தமிழில் எழுதுகிறேன்: "ஓம், அடிச்சவன்தான். அடிச்சபடியாத்தான் நீ இந்தக் கதிரையில இருக்கிறாய்." அந்தச் சொல் அதற்குப் பிறகு அவன் வாயில் வரவில்லை.

இன்று புதிதாய் வந்தவன் ஒருத்தன் அடைத்த வாய்க்கு நேரே அதே மாதிரி முகத்தைக் கொண்டுபோனான். சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை, காதைப் பொத்தி அறைந்து விழுத்தினேன். வாய் வெடிக்கவில்லை, புகைந்ததோடு சரி. எழும்பி நின்று முறைக்கிறான். என்னை அவனிடம் மன்னிப்புக் கேட்கட்டாம், அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

கேட்க மாட்டேன், மச்சான். முறைக்க அவனுக்கு முகம் இருக்கிறது.