குறுக்கே நிற்கும் சுவர்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் கணினியைத்தான் திறந்தேன். அத்தான் கடை வைப்பதற்காக உங்கள் வீட்டின் கீழ்த்தளச் சுவர்களை எடுக்கலாம் என்று போன மாதம் பொறியாளராக நான் கையெழுத்துப் போட்டுத் தந்தேனே, அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நிலநடுக்கம் வந்தால் கட்டடம் எப்படி ஆடும் என்று பார்க்கும் கணினி மாதிரியில், அன்று சுவர்களை வெறும் எடையாகத்தான் வைத்தேன். அவற்றை எடுத்தால் பாரம் குறையும், நல்லதுதான் என்று காட்டியது. இன்று எல்லாத் தளத்துச் சுவர்களையும் தூண்களுக்கு நடுவே குறுக்கே முட்டுக்கொடுக்கும் கட்டைகளாக வைத்து, கீழ்த்தளத்தில் மட்டும் அவற்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மேலே மூன்று தளமும் பெட்டி போல விறைத்து நிற்கின்றன. சுவரில்லாத கீழ்த்தளத் தூண்கள் மட்டும் முழங்கால் மடிவது போல மடிகின்றன.

சுவர்களைத் தொட வேண்டாம். தப்பு என்னுடையது. அத்தானிடம் நானே பேசட்டுமா?

உன் தங்கை

மார்ச் 9

என் செல்லத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்தே காட்டினேன். "பொம்மை வீட்டை ஆட்டிப் பாத்துட்டு என் வீடு விழும்ங்கிறாளா உன் தங்கச்சி? தூணையா தொட்டேன்? சுவரைத்தானே இடிக்கிறேன்!" என்று குதித்தார். "அவ படிச்சவ, கேளுங்க" என்றேன். "அப்ப நான் என்ன மண்ணா?" என்றார்.

முன்பக்கச் சுவர் நேற்றே போய்விட்டது. உன் கையெழுத்தைக் காட்டித்தான் அனுமதி வாங்கியிருக்கிறார். இனி இதைப் பற்றி எழுதாதே, அம்மா. உங்கள் இருவருக்கும் நடுவில் நான் எத்தனை நாள்தான் நிற்பது?

கடை திறக்கும் நாளில் கட்டாயம் வா.

அக்கா

மார்ச் 14

அக்கா,

உன் கடைசிக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சின்ன வயதில் அப்பா பிரம்பை எடுத்தால் குறுக்கே வந்து நிற்பவள் நீதான். அடி உன் முதுகில் விழும். எனக்கு விழவில்லை என்பதை மட்டுமே நான் கணக்கில் வைத்திருந்தேன்.

நாளைக் காலை கட்டட அனுமதி அலுவலகத்துக்குப் போகிறேன். என் கணக்கு தப்பு என்று எழுதிக்கொடுத்து, கையெழுத்தைத் திரும்பப் பெறுவேன். வேலையை நிறுத்திவிடுவார்கள். என் உரிமம் போனாலும் போகட்டும். அத்தான் இனி என்னை வாசற்படி ஏற விடமாட்டார். உன்னை எனக்கு எழுதவும் விடமாட்டார்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட அங்கிருந்து திரும்பிய பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். முன்னாலேயே தெரிந்தால் நீ மறுபடியும் குறுக்கே வந்து நிற்பாய்.

தங்கை