குகைக்குள் நீ கூப்பிட்ட பெயர்

இல்லை, அக்கா, இன்னும் பதில் சொல்லவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். மயிலாப்பூர் வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாசனை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து போனால் கூடத்தில் அத்திம்பேர் இருக்கிறார்.

யுத்தம் முடிந்து கப்பல் விட்டதும், மலாயாவிலிருந்து உன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். நீ காய்ச்சலில் போனது அப்போதுதான் எங்களுக்கு நிச்சயமாயிற்று. இப்போது அம்மா ஒன்றையே வேறு வேறு விதமாகச் சொல்கிறாள். உன் இடத்துக்கு யாரோ ஒருத்தி வருவதற்குப் பதில் நானே போனால் என்ன? குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டாமா? பார்க்கிறேன். உன் நெற்றி.

இந்த வாசனைதான் அங்கே கொண்டுபோகிறது. சண்டைக்கு முந்தைய வருஷம். பி.ஏ. பரீட்சை முடித்து மலாயாவுக்கு உன்னிடம் வந்திருந்தேன். காட்டுக்குள் அந்தச் சுண்ணாம்புக்கல் குகைகள். மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து மழை. காலில் அட்டை. வௌவால் எச்சத்தில் பூட்ஸ் கெட்டுவிடும் என்று அத்திம்பேர் குகை வாயிலிலேயே நின்றுவிட்டார். லாந்தரை எடுத்துக்கொண்டு நாம் போனோம்.

மேலிருந்து தொங்கும் வெள்ளைக் கல். நுனியில் ஒரு சொட்டு, விழ மனமில்லாமல். எத்தனை ஆயிரம் வருஷமோ என்றேன். நீ கேட்கவில்லை. வீட்டில் காதோடு பேசுகிறவள், அங்கே அண்ணாந்து கத்தினாய். அவர் பெயரை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று கோவில் அர்ச்சனைக்குக்கூட என்னைச் சொல்லச் சொன்னவள் நீ. குகை எல்லாப் பக்கமிருந்தும் அதைத் திருப்பித் தந்தது. சிரித்தாய். மறுபடியும் கத்தினாய்.

வெளியே கேட்டிருக்கிறது. அவர் கோபிக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். திரும்பும் வழியிலும், அடுத்த நாளும், நான் கப்பலேறும்வரையிலும். சாதம் போடட்டுமா என்று நீ கேட்டால், போதும் என்று என்னிடம் சொல்வார்.

சமையலறையில் நீ சொன்னாய்: "இது வழக்கந்தான்டி. பேசாம இருந்தா வழிக்கு வந்துடுவேன்னு நினைக்கறார். நானும் வந்துடறேன். அதான் பயமா இருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. குழந்தைக்குத் தானே பிசைந்து ஊட்டுகிறார். நேற்று அம்மாவிடம், "அவ வாய் திறந்து ஒண்ணு கேட்டதில்லை, மாமி," என்றார். கண் கலங்கியிருந்தது. உன்னைப் பெருமையாகத்தான் சொன்னார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம். அது இல்லாவிட்டால் சம்மதித்திருப்பேன்.

இத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கூடத்துக்குப் போனேன். குழந்தை என்னிடம் இருக்கட்டும், நான் உங்களோடு வரவில்லை என்று அத்திம்பேரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. சிறிது நேரம் நின்றேன். பிறகு குழந்தையைக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டேன்.