ஜெபம் கேட்காத வீடு

செப்டம்பர் 9, செவ்வாய்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மாரியம்மாள் வீட்டுக்குப் போய்வந்தேன். நேற்று பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் அவளுடைய மூத்த மகள் செத்துப்போனாள். அந்த ஊர்ச் சபையில் பதினோரு வருஷம் போதகராக இருந்தவன் நான். எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், கோயிலுக்குப் போகிறவர்கள்கூட "ஐயா, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்பார்கள். வெறும் ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காமல்தான் தேர்தலில் நின்றேன்.

இன்றும் பழைய பழக்கத்தில் ஐஸ் பெட்டி அருகே நின்று கண்ணை மூடினேன். மாரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெபத்தை விடுங்கய்யா. கம்பெனிக்குச் சீல் வச்சிட்டாக. தீபாவளி சீசன் போச்சுன்னா மத்த ரெண்டு பிள்ளைகளும் என்னத்தத் திங்கும்? நீங்கதான எம்.எல்.ஏ., தொறக்கச் சொல்லுங்க."

பாதுகாப்பு இல்லையென்று முன்பே மூடிய கம்பெனிதான் அது. போன மாதம் ஊரே வந்து கெஞ்சியதால் அதிகாரியிடம் பேசித் திறக்க வைத்தவன் நான். அவளுக்கும் அது தெரியும். சரி, பேசுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது மண்டியிட்டு ஜெபிக்கப் பார்த்தேன். "ஆண்டவரே" என்பதற்குப் பதில், சட்டமன்றத்தில் சொல்கிற "மாண்புமிகு"தான் வாயில் வந்தது. எழுந்துவிட்டேன்.