மத்தியான ரவுண்ட்ஸ்

கோயமுத்தூர்
14.9.1995

அன்புள்ள மாமாவுக்கு,

அன்புக்கரசி எழுதுவது. தேவ கிருபையால் நானும் ஹெப்சியும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? போட்டோவில் இளைத்துத் தெரிகிறீர்கள்.

நர்சிங் சூப்பிரண்டு வேலை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மாடியில் தனி அறை, போன், சுழல் நாற்காலி. டியூட்டி போடுவதும் லீவுச் சண்டை தீர்ப்பதுமாகப் பொழுது போகிறது. சர்ஜிகல் வார்டை விட்டு வந்ததிலிருந்து ஒரு நோயாளியைத் தொடவில்லை. நீங்கள் அவ்வளவு பெருமையாக எழுதியிருந்ததால் இதைச் சொல்லத் தயங்கினேன்.

போன மாதம் வார்டுக்குப் போனபோது, காலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருக்கும் வெள்ளகோவில் பாவாத்தாள் என்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்தியானம் நீங்க வந்து கட்டு மாத்துனீங்களே அம்மணி, அப்பறம் வலியே தெரியலீங்க" என்றார். அந்த மத்தியானம் முழுக்க நான் டைரக்டர் அறையில் மீட்டிங்கில் இருந்தேன். காய்ச்சலில் பேசுகிறார் என்று நினைத்தேன். காலைப் பார்த்தால், கட்டின் முனை உள்ளே மடித்துச் செருகியிருந்தது. அங்கே அப்படிச் செருகுவது நான் ஒருத்திதான்.

மறுவாரம் வார்டு இன்சார்ஜ் ரங்கநாயகி முகம் சிவக்க வந்தாள். "எங்க மேல நம்பிக்கை இல்லீன்னா நேரா சொல்லிப்போடுங்க மேடம். தினமும் சாப்பாட்டு நேரத்துல வந்து, நாங்க செஞ்சதயே திருப்பிச் செஞ்சுபோட்டுப் போறீங்க" என்றாள். நான் வரவே இல்லை என்றதும் அழுதுவிட்டாள். முகம் பார்த்தாயா என்று கேட்டேன். முதுகைத்தான் பார்த்தாளாம்.

திங்கட்கிழமை சோமனூர் தறிக்காரர் ஒருவரை ரத்தம் வடிய வடியக் கொண்டுவந்தார்கள். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார்கள். என் கை மரக்கட்டை மாதிரி இருந்தது, மாமா. குத்திக் குத்தித் தவறியது. அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அவங்களே போடட்டுங்க" என்றார். திரும்பினேன். வெறும் சுவர். கடைசியில் ரங்கநாயகிதான் போட்டாள். அவர் பிழைத்துக்கொண்டார்.

நேற்று மத்தியானம் நானே போய்ப் பாவாத்தாள் கட்டிலருகே நின்றேன். யாரும் வரவில்லை. சற்று நேரத்தில் அவர் நகர்ந்து இடம் விட்டு, "ஏனுங்க, ரெண்டு பேருமே நிக்கறீங்க. ஒருத்தராச்சும் உக்காருங்க" என்றார்.

இன்று காலை டைரக்டரிடம், பதவி வேண்டாம், வார்டுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிப்போம் என்றார். கீழே வந்து ரங்கநாயகியிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாங்க மேடம். நீங்க வந்துட்டா சிஸ்டர் போயிருவாங்க" என்றாள். மூன்று மாதத்துக்கு முன்புவரை அவள் என்னைத்தான் சிஸ்டர் என்று கூப்பிட்டாள்.

இன்று ஹெப்சிக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் இரட்டைச் சடையோடு நிற்கிறாள். காலையில் அவசரத்தில் ஒற்றைச் சடைதான் போட்டு அனுப்பினேன். யார் பின்னினது என்று கேட்டேன். "மத்தியானம் நீங்கதானுங்கம்மா பின்னி உட்டீங்க" என்று சிரிக்கிறாள்.

கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம், மாமா. எப்படியாவது லீவு கேட்டு வாருங்கள். ஒன்று மட்டும் கேளுங்கள். மத்தியானத்தில் வந்து இறங்கினால் வீட்டுக்குள் போக வேண்டாம். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறக்கும் வரை தெருவிலேயே இருங்கள். உள்ளேயிருந்து யார் கூப்பிட்டாலும் சரி.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. எங்களுக்காக ஜெபியுங்கள்.

உங்கள் மனைவி,
அன்புக்கரசி