பாலம் வந்த இடமெல்லாம் பூச்சியம்

1986 மார்ச், செவ்வாய் இரவு

புரொபெசருக்கு ஸ்காபரோ நகரைப் பகுதி பகுதியாப் பிரிச்சு அட்டவணையாக்கிக் குடுக்கிறதுதான் இந்த வெளிநாட்டில என்ர வேலை. ரெண்டு பகுதி எல்லையில தொட்டால் ஒண்டு, தொடாட்டில் பூச்சியம். காய்ச்சல் எங்கயிருந்து எங்க பரவுது எண்டு கணக்குப் பார்க்க, எது எதுக்கு அயல் எண்டு முதல்ல முடிவாகவேணும்.

இண்டைக்கு அவர் தாளோட வந்தார். “இதுகள் ரெண்டும் தொட்டுக்கொண்டெல்லே இருக்குது, ஏன் பூச்சியம் போட்டிருக்கிறீர்?”

“நடுவில ஹைவே. பாலத்தாலதான் போகவேணும்,” எண்டன்.

“அதுக்கென்ன, பாலம் இருக்குத்தானே?” எண்டு சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை. ஊரில பாலம் எண்டால் ஆமிக்காரர் மறிச்சுச் சோதிக்கிற சென்றி. இளம் பெடியளைப் பிடிச்சால் விடமாட்டாங்கள். அட்டவணையைத் திருப்பிப் பார்த்தன், பாலம் வந்த இடமெல்லாம் பூச்சியம். யோசிச்சுப் போடேல்லை, கை தன்ர பாட்டில போட்டிருக்குது. அந்தப் பூச்சியமெல்லாத்தையும் அழிச்சு ஒண்டு போட்டிட்டு வீட்டை வந்தன்.

தபால் பெட்டியில அம்மாவின்ர கடிதம். “தம்பியை இஞ்ச வைச்சிருக்கப் பயமாக் கிடக்கு. நாளைக்குப் பாலத்துக்கு அங்கால பெரியம்மா வீட்டை அனுப்பிறன். பக்கத்திலதானே, நீ யோசியாதை.”

திகதி மூண்டு கிழமைக்கு முந்தினது. அவன் இப்ப பெரியம்மா வீட்டில இருப்பான். பாலம் தாண்டியிருந்தால்.